பூட் ஆனதும் ஓடும் ஸ்கிரிப்டுக்குக் கீபோர்டு கிடைக்கவில்லை

ராஸ்பெர்ரி பை 4, புக்வோர்ம் லைட் (டெஸ்க்டாப் இல்லாத ஓஎஸ்), யுஎஸ்பி கீபோர்டு, மானிட்டர் கிடையாது. அம்புக்குறி விசைகளால் ரோபோ வண்டியை ஓட்டும் பைதான் ஸ்கிரிப்ட், விசைகளைக் கர்சஸ் என்ற டெர்மினல் லைப்ரரி வழியாகப் படிக்கிறது. லாகின் செய்து ஓட்டினால் அருமையாக ஓடுகிறது.

பவர் கொடுத்ததும் தானாக ஓட வேண்டும், அங்கேதான் சிக்கல். வேலைகளைத் தானாக ஓட்டும் பட்டியலான கிரான்டேபில் ரீபூட் வரி போட்டேன், உடனே நின்றுவிடுகிறது. பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் சர்வீஸாக்கினேன், டெர்மினல் எதுவென்று தெரியவில்லை என்று அதன் பதிவேடான ஜர்னலில் பிழை. சரி, டெர்மினல் வகையைச் சொல்லும் டெர்ம் என்ற சூழல் மாறிக்கு லினக்ஸ் என்று மதிப்பு கொடுத்தேன். அந்தப் பிழை போய், இப்போது விசைகளை என்டர் இல்லாமலே உடனுக்குடன் படிக்க வைக்கும் கர்சஸின் சிபிரேக் அழைப்பில் விழுகிறது. சர்வீஸின் உள்ளீடு, டெர்மினல் அல்லாத வெற்றுச் சாதனமான டெவ்-நல்லில் இருப்பதால்தான் இது என்று நினைக்கிறேன். ஆட்டோலாகின் செய்து லாகினின்போது ஓடும் பாஷ் ப்ரொஃபைலில் போடலாம்தான், ஆனால் நெட்வொர்க் வழியே எஸ்எஸ்ஹெச்சில் நுழையும்போதும் வண்டி கிளம்பிவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பையின் முதல் கன்சோலான டிடிஒய்1-ஐ இந்தச் சர்வீஸுக்கே ஒதுக்க, சர்வீஸின் அமைப்புக் கோப்பான யூனிட் ஃபைலில் என்னென்ன வரிகள் வேண்டும்?