நாலு வயசுப் பிள்ளைக்கு வாசிச்சுக் காட்ட தமிழ்ப் படப் புத்தகம் சொல்லுங்களேன்

பாளைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எம் மகளுக்கு நாலு வயசு, பாளையங்கோட்டைல இருக்கோம். ராத்திரி படுக்கப் போகும்போது கதை கேக்கா, நானும் அவ அப்பாவும் மாத்தி மாத்தி வாய்க்கு வந்ததச் சொல்லிக்கிட்டு இருக்கோம், இனிமே புத்தகத்த மடில வச்சு வாசிச்சுக் காட்டணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு. பிறந்தநாளுக்கு வந்த புத்தகமெல்லாம் ஒண்ணு இங்கிலீஷ்ல இருக்கு, இல்லன்னா நீதிக்கதை புத்தகமா இருக்கு, பக்கம் பூரா பொடி எழுத்து, மூலைல ஒரு சின்ன நரி படம், கடைசில கொட்டை எழுத்துல நீதி. ரெண்டு வரி வாசிக்கதுக்குள்ள பிள்ள எந்திச்சு ஓடிருதா.

இன்னொரு பெரிய சந்தேகம். புத்தகத்துல "யானை ஆற்றங்கரைக்குச் சென்றது"ன்னு போட்டிருக்கு. அவளுக்கு சென்றதுன்னா என்னன்னே தெரியல, எம் மூஞ்சியவே பாக்கா. நான் அத "யானை ஆத்தங்கரைக்குப் போச்சு"ன்னு மாத்தி வாசிக்கலாமா, இல்ல இருக்கபடியேதான் வாசிக்கணுமா? மாத்தி வாசிச்சா பிள்ளைக்கு நல்ல தமிழ் வராதுன்னு எங்க மாமனார் சொல்லுதாவ. புரியாத கதைய எதுக்கு வாசிக்கணும்னு எங்கம்மை கேக்கா. ரெண்டு பேரு சொல்லுததும் சரியாத்தான் படுது.

அப்புறம், யானைன்னா அவளுக்கு உசுரு. நெல்லையப்பர் கோயில் காந்திமதிய கைப்பிள்ளையா இருக்கும்போதே பாத்து வளந்தவ. 2025 ஜனவரில அது இறந்துபோச்சு, இன்னைக்கும் கோயிலுக்குள்ள போனா காந்திமதி எங்கன்னு கேக்கா. அதனால யானை கதை இருந்தா முதல்ல சொல்லுங்க.

அம்பை டீச்சர்:

தங்கச்சி, யானைன்னு சொன்னதும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது கஜபதி குலபதிதான். அசோக் ராஜகோபாலன் எழுதிப் படம் வரைஞ்சது, சென்னைல இருக்க தூலிகா பதிப்பகம் போட்டது. கோயில் யானைக்கு சளி பிடிச்சிருது, ஊர்க்காரங்க ஆளுக்கொரு வைத்தியம் பாக்காங்க, பெரிய தும்மல் வரப் போகுதுன்னு நம்மளே மூச்சப் பிடிச்சுக்கிட்டு வாசிக்கணும். அந்தத் தும்மல நீங்க கூச்சப்படாம வீடு அதிர தும்மிக் காட்டணும். எங்க வகுப்புல அந்தப் பக்கம் வரதுக்கு முன்னாடியே பிள்ளைங்க மூக்கப் பிடிச்சுக்கிட்டு ரெடியா இருக்கும்.

தூலிகா 1996லேருந்து பிள்ளைங்களுக்குன்னே புத்தகம் போடுதாங்க. ஒரே புத்தகத்துல தமிழும் இங்கிலீஷும் சேத்துப் போட்டதும் அவங்ககிட்ட நிறைய உண்டு, இங்கிலீஷ் வேணும்னு வீட்டுல யாரும் சொன்னா அத வாங்குங்க, ரெண்டு பேரும் சமாதானம் ஆயிருவாங்க. நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகமும் பாருங்க, விலை ரொம்பக் கம்மி. வாங்கும்போது ஒண்ணே ஒண்ணு பாருங்க, ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூணு வரிக்கு மேல இருந்தா இப்ப வேண்டாம், படம் பக்கம் பூரா இருக்கணும். தாள் தாளா கிழிக்க வயசு இல்லங்கதால அட்டைப் புத்தகம்தான் வேணும்னு இல்ல.

உங்க சந்தேகத்துக்கு வாரேன். நான் பிள்ளைங்களுக்கு என்ன செய்யுதேன்னா, முதல் தடவ புத்தகத்த விரிச்சு படத்த மட்டும் காட்டி நம்ம பேச்சுலயே கதைய சொல்லிருவேன். இங்கன பாரு, யானைக்கு என்ன ஆச்சு, ஏன் கண்ணெல்லாம் செவந்து கெடக்குன்னு கேட்டு அதுங்க வாயக் கிளறணும். கதை மனசுல ஏறினப்புறம் ரெண்டாவது தடவ எழுத்துல இருக்கபடி வாசிப்பேன். இப்ப சென்றதுன்னு வந்தா அதுக்குத் தெரிஞ்சுரும், ஏன்னா யானை எங்க போச்சுன்னு அதுக்கு ஏற்கனவே தெரியும். ஒண்ணாங் கிளாஸ் போகும்போது பாடப் புத்தகம் பூரா அந்த நடைதான் இருக்கும், அன்னைக்கு அது பிள்ளைக்குப் புதுசா இருக்கக் கூடாது. உங்க மாமா சொல்லுததுல அந்த அளவுக்கு நியாயம் இருக்கு.

வள்ளியூர் அண்ணாச்சி:

டீச்சரம்மா சொல்லுதது சரிதான், ஆனா நான் கொஞ்சம் வேற மாதிரி செய்யுதேன். கதை சொல்லுத வரிய அப்படியே புத்தகத்துல இருக்கபடி வாசிப்பேன், கதைக்குள்ள யாராவது பேசினா மட்டும் நம்ம ஊரு பேச்சுல பேச விட்டுருவேன். "புலி குகையிலிருந்து வெளியே வந்தது"ன்னு வாசிப்பேன், உடனே புலி "ஏலே யாருலே அது, இந்நேரத்துல எங்கலே போற"ன்னு கேக்கும். நரி நாசரேத் சித்தப்பா மாதிரி பேசும், ஆமை எங்க ஆச்சி மாதிரி இழுத்து இழுத்துப் பேசும். பிள்ளைக்குப் புத்தகத் தமிழும் காதுல விழுது, நம்ம தமிழ்ல புலியே பேசுதுன்னு சந்தோசமும் இருக்கு. டிவில வார சிங்கம் புலியெல்லாம் ஒரே மாதிரி பேசிக்கிட்டிருக்கும்போது நம்ம பிள்ள நம்ம பேச்சுக் கேக்கது வீட்டுலதான், அத நாமளே விட்டுறக் கூடாது தங்கச்சி, இது எனக்கு ரொம்ப முக்கியம்.

புத்தகம் வாங்க காசு பாத்தீங்கன்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்னு ஒரு தளம் இருக்கு, 2015லேருந்து நடக்கு, தமிழ்ல ஏகப்பட்ட கதை, எல்லாம் இலவசம். லெவல் 1லேருந்து 4 வரைக்கும் பிரிச்சிருப்பாங்க, லெவல் 1ன்னா 250 வார்த்தைக்குள்ள முடிஞ்சுரும், உங்க மகளுக்கு இப்ப அது போதும். கதைய டவுன்லோட் பண்ணலாம், பிரிண்ட் எடுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க, அந்த மாதிரி அனுமதியோடதான் போட்டிருக்காங்க. போன்ல காட்டாதீங்க, அடுத்த நிமிசம் யூட்யூப் கேக்கும். நான் ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பண்ணி வச்சிருக்கேன். கருப்பு வெள்ளைல எடுத்தாலும் பரவாயில்ல, கலர் பெட்டியக் குடுத்தா அதுவே கலர் அடிச்சுக்கிடும், அப்புறம் அது அதோட புத்தகம். அதுல சிருங்கேரி சீனிவாசன் முடி வெட்டப் போற கதை தேடிப் பாருங்க, யாருகிட்ட போனாலும் நேரமில்ல நேரமில்லங்காவ, ஒவ்வொரு தடவயும் பிள்ளைங்க நமக்கு முன்னாடியே சொல்லிரும்.

எழுத்தே இல்லாம படம் மட்டும் இருக்க புத்தகமும் அதுல உண்டு. உங்க வீட்டுச் சண்டைக்கு அதான் மருந்து. என்ன நடைல வாசிக்கணும்னு கேள்வியே வராது, உங்கம்மை ஒரு நாளு சொல்லட்டும், மாமா ஒரு நாளு சொல்லட்டும், ரெண்டும் வேற வேற கதையா வரும்.

டவுண் ஆச்சி:

எம்மா, எனக்கு டைப் பண்ண வராது, பேரன் போட்டுத் தாரான். புத்தகம் வாங்குங்க வேண்டாம்னு சொல்லல. ஆனா பாட்ட விட்டுறாதீங்க. தேரூர்ல பிறந்த கவிமணி எழுதின வெள்ளைப் பசு பாட்டு இருக்குல்ல, அதுல ஒரு வரி வெள்ளைப் பசுன்னு முடியும், அடுத்த வரி கன்றுக்குட்டின்னு முடியும். நீங்க வரிய சொல்லிட்டு கடைசி வார்த்தைய சொல்லாம பிள்ள மூஞ்சியப் பாருங்க, ரெண்டு நாள்ல அதுவே கன்னுக்குட்டின்னு கத்தும். அதுவும் இலக்கணத் தமிழ்தான, எந்தப் பிள்ள புரியலன்னு ஓடுச்சு? பாட்டா வந்தா ஓடாது. அதுக்கும் முன்னால நண்டூருது நரியூருது இருக்கு, உள்ளங்கைல பருப்பு கடைஞ்சு ஊட்டி விட்டு, விரல கக்கத்துக்குக் கொண்டு போகணும், சிரிப்புச் சத்தம் தெரு முனைக்குக் கேக்கும்.

கதைன்னா கொழுக்கட்டைக் கதை. மாமியா வீட்டுல கொழுக்கட்டை தின்னவன் அந்தப் பேர மறக்காம இருக்க கொழுக்கட்டை கொழுக்கட்டைன்னு சொல்லிக்கிட்டே வருவான், வழில வாய்க்காலத் தாண்டும்போது அத்திரிபாச்சான்னு தாண்டி பேரு மாறிப்போயிரும். பிள்ளையத் தூக்கி தாண்ட வச்சு சொன்னீங்கன்னா அது இருபது தடவ தாண்டும். பழைய கதைல வீட்டுக்கு வந்து பொண்டாட்டிய அடிப்பான், வீங்கினதப் பாத்துத்தான் கொழுக்கட்டைன்னு ஞாபகம் வரும். அந்த அடிய நான் பிள்ளைங்களுக்குச் சொல்ல மாட்டேன். அவனே ஓடி வந்து வாசப்படில இடிச்சுக்கிட்டு அவன் நெத்தி கொழுக்கட்டை மாதிரி வீங்கிருச்சுன்னு சொல்லுதேன். கதை கெடல, சிரிப்பும் குறையல.

பாளைக்காரி:

அம்மாடி, இவ்வளவு பேரு சொல்லுவீங்கன்னு நினைக்கல, ரொம்ப நன்றி. ஆச்சி, கொழுக்கட்டைக் கதைய இன்னைக்கு ராத்திரியே சொல்லப் போறேன். அண்ணாச்சி சொன்ன மாதிரி புலிய நம்ம பேச்சுல பேச வைக்கது எங்க வீட்டுல மாமாவுக்கும் பிடிக்கும்னு தோணுது.

ஒண்ணு கேக்கணும். பிடிச்ச கதைன்னா அவ அதையே திருப்பித் திருப்பிக் கேக்கா, புதுசா ஒண்ண எடுத்தா மூடி வச்சுருதா. விட்டுறவா? அப்புறம் வாங்கதுக்கு முன்னாடி புத்தகத்த கைல எடுத்துப் பாக்க எங்கன போகலாம்?

அம்பை டீச்சர்:

விட்டுருங்க தங்கச்சி. கேக்கட்டும். ஒவ்வொரு தடவயும் வேற ஒண்ண கவனிக்கும், முத நாளு யானை, அடுத்த நாளு படத்து ஓரத்துல நிக்க பூனை. நீங்க ஒரு வார்த்தைய மாத்தினா "அப்படி இல்லம்மா"ன்னு திருத்தும் பாருங்க, அன்னைக்கு அந்தப் புத்தகத் தமிழ் அதுக்குள்ள போயிருச்சுன்னு அர்த்தம். அலுத்துப்போனா அதுவே வேற புத்தகத்த எடுத்துக்கிட்டு வரும்.

பாக்கதுக்கு பாளைலயே மாவட்ட மைய நூலகம் இருக்கு, உங்களுக்குப் பக்கம். பிள்ளையயும் கூட்டிட்டுப் போங்க, அது கையால எடுக்கத வாசிங்க. நம்ம பொருநை புத்தகத் திருவிழா நடக்கும்போது பிள்ளைங்க புத்தகம் போட்டிருக்க கடைல தரைல உக்காந்து புரட்டிப் பாத்துட்டு வாங்கலாம். மதுரைக்குப் போற வேலை இருந்தா கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல சிறுவர் பகுதி ரொம்ப நல்லா இருக்கும், அரை நாளு ஒதுக்கிக்கோங்க. அரசுப் பள்ளில படிக்க பிள்ளைங்க பக்கத்து வீட்டுல இருந்தா கேட்டுப் பாருங்க, வாசிப்பு இயக்கம் புத்தகம் வந்திருக்கும், நுழை, நட, ஓடு, பறன்னு நாலு வகையா பிரிச்சது, அதுல நுழை உங்க மகளுக்கு வாசிச்சுக் காட்ட தோதா இருக்கும்.

வள்ளியூர் அண்ணாச்சி:

இதையும் சேத்துக்கோங்க. பறவை புத்தகம் ஏதாவது வாசிச்சீங்கன்னா அந்த வாரமே கூந்தன்குளத்துக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போயிருங்க, நாரையெல்லாம் கூடு கட்டுத சீசனா பாத்து. வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தகத்த எடுத்து நீட்டும். மாமாவையும் கூட்டிட்டுப் போங்க, அவியளும் வாசிச்சுக் காட்டட்டும்.