இரண்டு சென்டிமீட்டர் துணி

எங்கள் குடும்பக் குழு, 2022 பிப்ரவரி 7, திங்கள்

நான் (மாலை 6:02): யாராவது பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் பார்க்கிறீர்களா? ஸ்கீ ஜம்பிங் கலப்பு அணிப் போட்டி. ஒலிம்பிக்ஸில் இதுதான் முதல் தடவை. அணிக்கு இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள்.

பெரியப்பா: மலையில் இருந்து குதிப்பார்களே, அதுவா? எனக்குப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

நான்: அதேதான் பெரியப்பா. ஜப்பானின் சாரா தகனாஷி 103 மீட்டர் தாண்டினார். ஆனால் அந்தத் தாண்டல் செல்லாதாம். தகுதி நீக்கம்.

அக்கா: ஏன், கோட்டை மிதித்துவிட்டாரா?

நான்: போட்டிருந்த உடை பெரிதாம். தொடைப் பக்கம் 2 சென்டிமீட்டர் கூடுதல்.

திருப்பூர் அத்தை: 2 சென்டிமீட்டரா? முக்கால் இஞ்ச்தானேடா! தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவிலேயே என் கஸ்டமர்களுக்கு அவ்வளவு ஏறி இறங்கும்.

பெரியப்பா: உடை தொளதொள என்றிருந்தால் ஓட்டம் குறையத்தானே செய்யும்? நஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தானே?

திருப்பூர் அத்தை: அண்ணா, கடற்கரையில் நின்றால் புடவை எப்படி உப்புகிறது? இது அந்தக் கணக்கு. துணி காற்றைப் பிடித்தால் ஆள் மிதக்கும்.

நான்: அத்தை சொல்வதுதான். மணிக்கு 85, 90 கிலோமீட்டர் வேகத்தில் சரிவில் வந்து எம்புகிறார்கள். அதற்குப் பிறகு தாங்கிப் பிடிப்பது காற்று மட்டும்தான். அதனால்தான் ஸ்கீ கட்டைகளை முன்பக்கம் விரித்துப் பறக்கிறார்கள். உடை கொஞ்சம் பெரிதானால் கூடவே ஒரு சின்னப் பாய்மரம் கட்டியது போல. இந்த மலையில் ஒரு மீட்டர் கூடத் தாண்டினால் 2 புள்ளி கூடும்.

அக்கா: அப்படியென்றால் விதி சரிதானே?

நான்: விதி சரிதான். ஆனால் பார், ஆஸ்திரியாவின் இராஷ்கோ-ஸ்டோல்ட்ஸ் நீக்கம். ஜெர்மனியின் காதரினா அல்தாவுஸ் நீக்கம். இந்த அல்தாவுஸ் முந்தாநாள் பெண்கள் தனிநபர் போட்டியில் வெள்ளி வாங்கியவர்!

அக்கா: தங்கம் யாருக்கு?

நான்: ஸ்லோவேனியாவின் உர்சா போகதாய். 239.0 புள்ளி. அல்தாவுஸ் 236.8. வெண்கலமும் ஸ்லோவேனியாவுக்கே, நிகா கிரிஸ்னார். தகனாஷி பாவம், நான்காவது.

டொராண்டோ சித்தப்பா: இங்கே விடியற்காலை. காப்பியோடு நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனி ஒன்பதாவது, இறுதிச் சுற்றே கிடையாது. எட்டு அணிக்குத்தான் இடம்.

பெரியப்பா: மூன்று பேரும் பெண்கள்தானா? ஆண்கள் உடை எல்லாம் கச்சிதமாக இருந்ததோ?

டொராண்டோ சித்தப்பா: அண்ணா, அதுதான் எனக்கும் உறுத்துகிறது.

நான் (மாலை 7:10): இன்னும் இரண்டு பேர் போய்விட்டார்கள். நார்வேயின் ஸ்ட்ரோம், ஒப்செத். மொத்தம் ஐந்து. ஐந்தும் பெண்கள்.

திருப்பூர் அத்தை: ஐந்து பேருக்கும் ஒரே நாளிலா? என் கடையில் ஒரே நாளில் ஐந்து ஜாக்கெட் தப்பாக வந்தால் முதலில் டேப்பைத்தான் பார்ப்பேன். அப்புறம்தான் தைத்தவளைத் திட்டுவேன்.

அக்கா: 😂😂 அத்தையை அனுப்புங்கள் பெய்ஜிங்கிற்கு.

திருப்பூர் அத்தை: சிரிக்காதே. அளவு எடுக்கும்போது ஆள் காலை அகட்டி நின்றால் ஒரு அளவு, சேர்த்து நின்றால் ஒரு அளவு. மூச்சை இழுத்தால் இன்னொன்று. எப்படி நிற்க வைத்து அளந்தார்கள் என்று யாராவது கேட்டார்களா?

நான்: வழக்கமாக அளக்கும் முறையில் இன்று அளக்கவில்லை என்றுதான் அவர்களும் புகார் சொல்கிறார்கள் அத்தை.

திருப்பூர் அத்தை: அப்படிச் சொல்லு!

டொராண்டோ சித்தப்பா: இந்தப் பெண்களுக்கு இது புதிதில்லை அக்கா. ஆண்கள் 1924ல் இருந்து ஒலிம்பிக்ஸில் தாண்டுகிறார்கள். பெண்களுக்குக் கதவு திறந்தது 2014ல், சோச்சியில். 2005ல் உலக ஸ்கீ அமைப்பின் தலைவராக இருந்த கஸ்பர், மருத்துவ ரீதியில் இது பெண்களுக்கு ஏற்றதில்லை என்று பேசினார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸில் எங்களையும் சேருங்கள் என்று 2009ல் பதினைந்து பெண்கள் அங்கேயே வழக்குப் போட்டார்கள். பாகுபாடு உண்மைதான், ஆனால் முடிவு சர்வதேச ஒலிம்பிக் குழுவின் கையில், அதைக் கனடாச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு. அப்பீலும் போயிற்று.

அக்கா: பாகுபாடு உண்மை, ஆனால் ஒன்றும் செய்ய முடியாது. நம் அபார்ட்மெண்ட் செயலாளர் பேசுவது போலவே இருக்கிறது.

டொராண்டோ சித்தப்பா: இதைக் கேள். வழக்கு நடந்த சமயத்தில், அந்த ஒலிம்பிக்ஸின் தாண்டல் போட்டி நடக்கவிருந்த விஸ்லர் சின்ன மலையின் சாதனைத் தூரம் ஒரு பெண்ணுடையது. அமெரிக்காவின் லிண்ட்சே வான், 105.5 மீட்டர். அவரும் வழக்குப் போட்டவர்தான். 2010 போட்டியை அவர் வெளியில் நின்றுதான் பார்க்க வேண்டியிருந்தது.

பெரியப்பா: அட.

நான்: முடிந்தது. ஸ்லோவேனியா தங்கம், ரஷ்ய அணி வெள்ளி, வெண்கலம் உங்கள் கனடாவுக்கு, சித்தப்பா! 🇨🇦

டொராண்டோ சித்தப்பா: ஸ்கீ ஜம்பிங்கில் கனடாவுக்கு இதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். குதிக்க வேண்டும் போல இருக்கிறது, ஆனால் முழு மனசு வரவில்லை. நம் பிள்ளைகள் நன்றாகத்தான் தாண்டினார்கள். இருந்தாலும் நார்வே, ஜெர்மனி, ஆஸ்திரியா, ஜப்பான் நாலும் இப்படி விழுந்த நாளில்...

திருப்பூர் அத்தை: வாங்கியவர்கள் மேல் என்ன தப்பு? சந்தோஷப்படு. அந்த ஜப்பான் பெண் என்ன ஆனாள்?

நான்: அழுதுகொண்டே இரண்டாவது தடவையும் வந்து தாண்டினார் அத்தை. 98.5 மீட்டர். ஜப்பான் நான்காவது. உலகக் கோப்பையில் 60க்கு மேல் வெற்றி, ஆணோ பெண்ணோ அவ்வளவு யாரும் ஜெயித்ததில்லை. ஒலிம்பிக்ஸில் மட்டும் கைக்கு எட்டுவதே இல்லை. 17 வயதில் சோச்சியில் நான்காவது. 2018ல் ஒரு வெண்கலம், அவ்வளவுதான்.

பெரியப்பா: 0 வாங்கிய பிறகு திரும்ப ஏறிப் போனாளா? அந்த உயரத்துக்கு?

நான்: ஆமாம் பெரியப்பா.

பெரியப்பா: வீடியோ இருந்தால் அனுப்பு. வயிறு கலங்கினாலும் பரவாயில்லை.

பிப்ரவரி 8, செவ்வாய்

நான் (இரவு 9:15): தகனாஷி இன்ஸ்டாகிராமில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். படம்கூட இல்லை, வெறும் கறுப்புச் சதுரம். எல்லாருடைய பதக்க வாய்ப்பையும் கெடுத்துவிட்டேன் என்று நீளமாக எழுதியிருக்கிறார். தனிநபர் போட்டியில் போட்ட அதே உடைதான் அல்தாவுஸ் போட்டிருந்தார் என்கிறது ஜெர்மனி.

அக்கா: அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? தைத்தவர் யாரோ, அளந்தவர் யாரோ.

திருப்பூர் அத்தை: தைத்தவளை ஏன் இழுக்கிறாய்? 😠 அதே உடை சனிக்கிழமை சரி, திங்கட்கிழமை தப்பு என்றால் துணியா வளர்ந்தது?

அக்கா: ஐயோ அத்தை, உங்களைச் சொல்லவில்லை!

திருப்பூர் அத்தை: தெரியும். உன் தங்கக் கலர் ஜாக்கெட்டைப் பிரித்துவிடச் சொன்னாயே, அளவு ஜாக்கெட்டை மாமாவிடம் கொடுத்து அனுப்பு. போன மாத அளவு வேண்டாம், இப்போது போடுவதைக் கொடு.

அக்கா: எவ்வளவு பிரிக்க முடியும்?

திருப்பூர் அத்தை: உள்ளே ஒரு இஞ்ச் விட்டுத்தான் வைத்திருக்கிறேன்.