சணல், பிளெக்ஸ் தைக்கிற மெஷினை எப்படிச் சுத்தம் செய்வது?

தண்டையார்பேட்டை பைக்காரி:
அம்மாவின் பழைய கறுப்பு மெஷினுக்கு மோட்டார் போட்டு ஆறு மாதமாகப் பை தைக்கிறேன். சணல் சாக்கு, பழைய பிளெக்ஸ் பேனர், கொஞ்சம் ரெக்சின், கையில் கிடைப்பது எல்லாம். பத்து நாளாகக் கரகரவென்று சத்தம், தையல் விட்டு விட்டு விழுகிறது. நேற்று ஊசிக்கு அடியில் இருக்கிற தட்டை, அதான் பிளேட்டை, கழற்றினால் துணியைத் தள்ளுகிற பல்லுக்கு நடுவில் சணல் தூசி எண்ணெயோடு சேர்ந்து புளி உருண்டை மாதிரி அடைத்துக் கிடக்கிறது. எண்ணெய் ஒழுங்காகத்தான் விடுகிறேன், வீட்டுத் தேங்காய் எண்ணெய். மெக்கானிக் முழுசாகப் பிரிக்கணும் என்கிறார். நானே செய்ய முடியுமா?

ராயபுரம் டெய்லர்:
தேங்காய் எண்ணெயா! வினையே அதுதான் தங்கச்சி. மார்கழிக் காலையில் பாட்டிலிலேயே உறைகிற எண்ணெய், மெஷினுக்குள் போனால் நாளாக நாளாகப் பிசினாகி வருகிற தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கு. ஊசி, பாபின் கேஸ் (கீழ்நூல் கூடு), பிளேட் மூன்றையும் எடுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சணல் நாரை ட்வீசரால் இழு. வாயால் ஊதாதே, தூசி இன்னும் உள்ளேதான் போகும், எச்சில் ஈரத்தில் துரு வேறு பிடிக்கும். காய்ந்த பிசினுக்கு இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித் துடை. அடுப்பு பக்கத்தில் வேண்டாம், பெல்ட்டில் படக்கூடாது. வாசனை போனதும் எண்ணெய் விடுகிற ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, கறை படிவது நிற்கும்வரை கழிவுத் துணியில் ஓட்டு.

பெரம்பூர் வீட்டுத் தையல்:
அண்ணா சொன்ன மண்ணெண்ணெய் இரும்பு மெஷினுக்கு மட்டும். பிளாஸ்டிக் பாடி மெஷின் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து செய்யாதீர்கள். நான் நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டுத் துடைத்து மூடியே வெளுத்துப் போனது, அந்தக் கதை தனி.
பிளெக்ஸ் விஷயம் வேறு அக்கா. வேகமாக ஓட்டினால் ஊசி சூடாகி மேல்பூச்சு இளகி ஒட்டுகிறது, அதுதான் பிசுக்கு. 16 அல்லது 18 நம்பர் ஊசி, நீளத் தையல், மெதுவான ஓட்டம், நடுநடுவே பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஊசியைத் துடையுங்கள். பேனரைத் தைக்கும் முன் கழுவிக் காயவைத்தீர்களா? ரோட்டு மண் உள்ளே போனால் இரும்பையே தேய்த்துவிடும்.

காசிமேடு:
மண் என்றதும் ஞாபகம் வந்தது. நான் பழைய மீன் வலையில் காய்கறிப் பை தைக்கிறேன். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினாலும் காய்ந்தபின் உதறினால் மணல் கொட்டும், உப்பு போகாவிட்டால் ஊசித் தட்டு துருப்பிடிக்கும். இங்கே கடல் காற்றே போதும் துருவுக்கு. பிளாஸ்டிக் கவர் போட்டால் உள்ளே வேர்க்கிறது, பழைய கைலிதான் போர்த்துகிறேன்.

தண்டையார்பேட்டை பைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. உருண்டையை எடுத்தபோது ஒடிந்த ஊசி முனை ஒன்று கூடவே வந்தது, சத்தம் அதனால்தான் போலிருக்கிறது, இப்போது இல்லை. 16 நம்பர் ஊசி போட்டதும் தையலும் விழுகிறது. பேனர் கழுவவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அண்ணா, மோட்டாரிலும் இரண்டு சின்ன ஓட்டை இருக்கிறதே, அதிலும் ஆயில் விடணுமா?

ராயபுரம் டெய்லர்:
விடவே விடாதே! மோட்டாருக்குள் ஆயில் இறங்கினால் புகைதான் வரும். வெளியே இருக்கும் தூசியைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடு, போதும்.