லாரிக்கு கியர்பாக்ஸ் இருக்கு, டீசல் ரயிலுக்கு ஏன் இல்லை?

ஓமலூர்_மெக்கானிக்:
சங்ககிரியில் பதினெட்டு வருஷமாக லாரி வேலை. கிளட்ச் பிளேட் மாற்றியே கை காய்த்துப்போச்சு. போன வாரம் சேலம் ஜங்ஷனில் ஒரு டீசல் என்ஜின் சரக்கு வண்டியோடு நின்றது. பக்கத்தில் இருந்தவர், "இதில் கியரே கிடையாது, கரண்டில்தான் சக்கரம் சுற்றும்" என்றார். டீசலை எரித்துக் கரண்ட் எடுத்து, அதை வைத்து மோட்டாரைச் சுற்றுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலையாக இல்லையா?

சூரமங்கலம்_பையன்:
ஹைபிரிட் கார் மாதிரிதான் அண்ணா. பேட்டரியில் சேர்த்து வைத்து ஓட்டும்.

பழைய_லோகோ:
இல்லை தம்பி. பேட்டரி என்ஜினைக் கிளப்பவும் விளக்குக்கும்தான். ஓடும்போது ஜெனரேட்டர் கரண்ட் நேராக மோட்டாருக்குப் போகும்.

மெக்கானிக் தம்பிக்கு: நான் ஓட்டியது டபிள்யூ.டி.எம்.2. 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்த ரகம், அப்புறம் வாரணாசியிலேயே செய்தார்கள். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். பின்னால் ஆயிரம், ரெண்டாயிரம் டன். நின்ற இடத்திலிருந்து அதை கிளட்ச் வைத்துக் கிளப்பிப் பாருங்கள், பிளேட் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இதில் சக்கரத்தைச் சுற்றும் டி.சி. சீரிஸ் மோட்டாரின் குணம் நேர் எதிர்: சக்கரம் நிற்கும்போதுதான் இழுவை அதிகம். கொஞ்சம் சக்தி வீணாவது உண்மை, ஆனால் அந்த இழுவைக்கு அது தகும்.

கியரே இல்லை என்பதும் சரியில்லை. அச்சுக்கு ஒன்றாக ஆறு மோட்டார். மோட்டார் தண்டில் 18 பல், அச்சில் 65 பல். ஒரே கியர், மாற்ற முடியாது. கையில் இருப்பது எட்டு நாட்ச் மட்டும், அதாவது என்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் படிகள். ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்தால் ஆம்பியர் ஏறும், மோட்டார் சூடாகும். கண் ஆம்பியர் மீட்டரை விட்டு நகராது.

ஓமலூர்_மெக்கானிக்:
18-க்கு 65, இது எங்க பாஷை! சரி ஐயா, நாட்ச் ஏற்றும்போது ஏன் அவ்வளவு கரும்புகை? அப்புறம் முத்தம்பட்டி, சிவாடி பக்கம் இறக்கத்தில் எப்படிப் பிடிப்பீங்க? தொப்பூரில் எங்க லாரிகள் படும் பாடு தெரியுமே.

பழைய_லோகோ:
புகை டர்போவால். டீசல் உடனே கூடும், டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தள்ளச் சற்று நேரமாகும். அதுவரை கருப்புதான். துணி காயப்போட்ட வீட்டுக்காரர்களிடம் நிறைய திட்டு வாங்கியிருக்கிறோம்.

இறக்கத்துக்கு டைனமிக் பிரேக், அது உள்ள லோகோக்களில். சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் ஜெனரேட்டராகிவிடும், வரும் கரண்டை ரெசிஸ்டரில் வெப்பமாக எரித்துவிடுவோம். பிரேக் கட்டை தேயாது. உங்கள் எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேகம் குறைந்தால் பிடிப்பும் குறையும், கடைசியில் நிறுத்துவது காற்று பிரேக்தான்.

ஓமலூர்_மெக்கானிக்:
நியூட்ரலில் தொப்பூர் இறங்கும் எங்க டிரைவர் ஒருத்தர் இருக்கார் ஐயா. இதை அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.