தமிழ் ஸ்லக் உள்ள பக்கங்களுக்கு மட்டும் பிகோசானிட்டி "நல்" தருகிறது, ஏன்?

கேட்டவர்:
வணக்கம். அம்மாவின் சமையல் குறிப்புகளை ஒரு தளமாகக் கட்டி வருகிறேன். மொத்தம் 140 குறிப்புகள், எல்லாம் சானிட்டி என்ற உள்ளடக்கச் சேமிப்புச் சேவையில் இருக்கின்றன. தளத்துக்குப் படிப்பது மட்டும் போதும், எழுத வேண்டிய வேலை எதுவும் இல்லை. அதனால் சானிட்டியின் முழு கிளையண்ட் லைப்ரரியை விட்டுவிட்டு, படிக்க மட்டுமே உதவும் சின்ன லைப்ரரியான பிகோசானிட்டியை எடுத்தேன்.

பட்டியல் பக்கம் சரியாக வருகிறது. "எங்களைப் பற்றி" பக்கத்தின் ஸ்லக் (முகவரியில் வரும் பக்கப் பெயர்) ஆங்கிலத்தில் இருக்கிறது, அதுவும் வருகிறது. ஆனால் தமிழ் ஸ்லக் வைத்த ஒரு குறிப்பு கூடத் திறக்கவில்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை, வெறும் நல் (எதுவும் கிடைக்கவில்லை என்ற வெற்று விடை). குவெரி (சானிட்டியிடம் கேட்கும் கேள்வி) இதுதான், எல்லோரும் படிக்கத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

*[_டைப் == "ரெசிபி" && ஸ்லக்.கரண்ட் == $ஸ்லக்][0]

இதையே சானிட்டி ஸ்டூடியோவில் குவெரியை ஓட்டிப் பார்க்கும் விஷன் தாவலில் போட்டு, ஸ்லக்கைக் கையால் அடித்தால் பல குறிப்புகள் உடனே வருகின்றன. சின்ன லைப்ரரி என்பதால் தமிழைக் கையாளத் தெரியவில்லையா? முழு கிளையண்டுக்கு மாறிவிடவா? இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

பதில் 1:
விஷனில் வந்து தளத்தில் வரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது, ஆவணம் பப்ளிஷ் ஆகியிருக்கிறதா என்பதைத்தான். விஷனில் நீங்கள் உள்நுழைந்த நிலையில் இருப்பதால் வரைவுகளையும் பார்க்க முடியும். வரைவின் ஐடி "டிராஃப்ட்ஸ்." என்று தொடங்கும், ஐடியில் புள்ளி உள்ள ஆவணங்கள் டோக்கன் (அனுமதிச் சாவி) இல்லாத கோரிக்கைக்குக் கிடைக்காது. அடுத்து யூஸ்-சிடிஎன் (கேஷ் செய்த நகலிலிருந்து படிக்கும்) அமைப்பை ஒருமுறை ஃபால்ஸ் செய்து பாருங்கள், பழைய கேஷ் என்றால் தெரிந்துவிடும். கார்ஸ் (வேறு தளத்திலிருந்து படிக்கப் பிரவுசர் போடும் தடை) பிரச்சினை கிடையாது. அப்படி இருந்தால் நல் வராது, கன்சோலில் சிவப்பாகக் கத்தும்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். எல்லாம் பப்ளிஷ் ஆனவை. சிடிஎன்னை நிறுத்தினாலும் அதே நல்தான்.

பதில் 2:
லைப்ரரி மீது தவறு இருக்காது என்று நினைக்கிறேன். பிகோசானிட்டி செய்வது ரொம்பக் குறைவு. குவெரியையும் $ஸ்லக் போன்ற பாராமீட்டரையும் என்கோட் செய்து (முகவரிக்கு ஏற்ற குறிகளாக மாற்றி) முகவரியில் கோத்து அனுப்பும், திரும்பி வரும் ஜேசனில் "ரிசல்ட்" பகுதியை மட்டும் பிரித்துக் கையில் கொடுக்கும். முழு கிளையண்டும் படிப்பதற்கு இதைத்தான் செய்கிறது.

உங்கள் ஃபிரேம்வொர்க் முகவரியிலிருந்து எடுத்துத் தரும் ஸ்லக் எந்த வடிவத்தில் வருகிறது? ஃபெட்ச் செய்வதற்கு முந்தைய வரியில் அதை அச்சிட்டுப் பாருங்கள். சர்வரில் ஓடும் பக்கம் என்றால் பிரவுசரில் தேடாதீர்கள், டெர்மினலில் வரும். முகவரியில் தமிழ் யூனிகோட் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கமும். அதாவது ஒரு குறியீடு ஒன்பது குறிகளாக நீளும். அந்த நீண்ட வடிவமே டீகோட் ஆகாமல் உங்கள் கைக்கு வந்தால், பிகோசானிட்டி அதை இன்னொரு முறை என்கோட் செய்து அனுப்பும். ஒவ்வொரு சதவீதக் குறியும் %25 ஆகிவிடும். சானிட்டி அந்தச் சதவீதக் குறிகள் நிறைந்த சரத்தைத்தான் தேடும், எதுவும் கிடைக்காது. ஆங்கில ஸ்லக்கில் என்கோட் செய்ய ஒன்றுமில்லை என்பதால் அது மட்டும் தப்பிக்கிறது.

கேட்டவர்:
அதேதான்! டெர்மினலில் நீளமான சதவீத வரிசைதான் வந்தது. அதை எழுத்தாகத் திருப்பும் டீகோட்-யூஆர்ஐ-காம்பொனென்ட் ஒன்றைச் சேர்த்தேன், பருப்பு ரசம், அவியல், புளிக்காய்ச்சல் எல்லாம் திறந்துவிட்டன. மனமார்ந்த நன்றி.

ஆனால் முழுக்கத் தீரவில்லை. முகப்பில் "இந்த வாரம்" என்று சில இணைப்புகளை நானே கையால் அடித்து வைத்திருக்கிறேன். அதில் சொதி, மோர்க்குழம்பு, கொள்ளு ரசம் மூன்றும் இன்னும் நல். இதே மூன்றையும் பட்டியல் பக்கத்திலிருந்து சொடுக்கினால் திறக்கின்றன! முகவரிப் பட்டையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டேன்.

பதில் 3:
அந்த மூன்று பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொதி, மோர், கொள்ளு. மூன்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது.

யூனிகோடில் "சொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ச-வுக்குப் பின் ஒகரக் குறி என்று ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது ச, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்து வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். யூனிகோடும் இவை சமம் என்றே சொல்கிறது. ஆனால் இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடும்போது குறியீட்டைக் குறியீடாகப் பார்ப்பதால், இவை வேறு வேறு சொற்கள். "சோ", "சௌ" வரிசைக்கும் இதே கதை.

விஷனில் ஸ்லக்.கரண்டுடன் லெங்த்(ஸ்லக்.கரண்ட்) என்பதையும் கேளுங்கள். "சொதி" என்றால் 4 வர வேண்டும்: ச, ஒகரக் குறி, த, இகரக் குறி. 5 வந்தால் பிரிந்து கிடக்கிறது. இந்தக் குறிப்புகள் எங்கிருந்து வந்தவை, நேரடியாக அடித்தவையா?

கேட்டவர்:
5 வருகிறது. மோர்க்குழம்பு 13க்குப் பதில் 14.

எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது புரிகிறது. பாதிக் குறிப்புகளைச் சித்தி பல வருடம் முன்பு யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். அதை ஒரு மாற்றி வழியாக யூனிகோடாக்கி ஒட்டினேன். மீதியை நான் கைப்பேசியில் அடித்தேன்.

பதில் 3:
பாமினியில் "சொ" அடிக்க முதலில் கொம்பு, பிறகு ச, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் அடிப்போம். உங்கள் மாற்றி கொம்பை எடுத்து ச-வுக்குப் பின்னால் வைத்துவிட்டு, காலைச் சேர்த்து ஒன்றாக்காமல் அப்படியே விட்டிருக்கிறது. பட்டியல் பக்கத்தின் இணைப்பு சேமித்த ஸ்லக்கிலிருந்தே உருவாவதால் பிரிந்தது பிரிந்ததோடு பொருந்திவிட்டது. நீங்கள் கையால் அடித்தது சேர்ந்த வடிவம், அதனால் பொருந்தவில்லை.

ஜாவாஸ்கிரிப்டில் எந்தச் சரத்துக்கும் நார்மலைஸ் என்ற செயல் இருக்கிறது. அதில் என்எஃப்சி (யூனிகோடின் சேர்ந்த வடிவம்) என்று கொடுத்தால் பிரிந்தவை எல்லாம் சேர்ந்துவிடும். ஆனால் எதை முதலில் செய்வது என்பது முக்கியம். வரும் ஸ்லக்கை மட்டும் இப்போதே நார்மலைஸ் செய்தால், பட்டியலிலிருந்து திறந்துகொண்டிருந்த பக்கங்களும் மூடிக்கொள்ளும். முதலில் சேமித்த தரவைத் திருத்துங்கள், அப்புறம் தளத்தில் கை வையுங்கள்.

தரவைத் திருத்தப் பிகோசானிட்டி உதவாது, அது படிக்க மட்டும்தான். ஒருமுறை ஓட்டும் ஸ்கிரிப்ட்டுக்கு முழு கிளையண்டை எழுதும் டோக்கனோடு உங்கள் கணினியில் பயன்படுத்துங்கள். அந்த டோக்கன் தளத்தின் கோடுக்குள் போகவே கூடாது. வரைவுகளையும் சேர்த்துத் திருத்துங்கள், இல்லையென்றால் நாளை யாராவது பழைய வரைவைப் பப்ளிஷ் செய்தால் பிரிந்த ஸ்லக் திரும்பி வந்துவிடும். ஏபிஐ வெர்ஷன் 2025-02-19 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் பப்ளிஷ் ஆனவை மட்டுமே தானாக வரும், ஸ்கிரிப்ட்டில் பெர்ஸ்பெக்டிவை (எந்த ஆவணங்கள் தெரிய வேண்டும் என்ற அமைப்பை) "ரா" என்று வைத்தால்தான் வரைவுகளும் கண்ணில் படும்.

தளத்தில், முதலில் டீகோட், பிறகு நார்மலைஸ், பிறகு குவெரி. வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே அனுப்பிய பழைய இணைப்புகளும் அதன்பின் வேலை செய்யும்.

பதில் 2:
ஸ்கீமாவில் ஸ்லக் புலத்தின் ஸ்லகிஃபை (தலைப்பிலிருந்து ஸ்லக் உருவாக்கும்) அமைப்பிலும் நார்மலைஸ் சேர்த்துவிடுங்கள். ஆனால் அது "ஜெனரேட்" பொத்தானை அழுத்தும்போதுதான் ஓடும், கையால் ஒட்டினால் ஓடாது. அதனால் ஒரு வேலிடேஷன் விதியும் வேண்டும்: ஸ்லக் அதன் என்எஃப்சி வடிவத்துக்குச் சமமில்லை என்றால் பப்ளிஷ் செய்ய விடாதே என்று.

கேட்டவர்:
செய்துவிட்டேன். ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கு முன் டேட்டாசெட்டை ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டேன். 31 ஸ்லக்குகள் பிரிந்து கிடந்தன. ஓடி முடிந்ததும் ஒன்று தெரியவந்தது: சொதிக்கு இரண்டு ஆவணங்கள் இருந்திருக்கின்றன, ஒன்று சித்தி அடித்தது, ஒன்று நான். ஸ்லக் தனித்தன்மைச் சோதனைக்கு இரண்டும் வேறு சொல்லாகத் தெரிந்ததால் இவ்வளவு நாள் எச்சரிக்கையே வரவில்லை. சித்தி தேங்காய்ப்பால் எடுக்கும் முறையை விரிவாக எழுதியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு என்னுடையதை நீக்கினேன்.

முகப்பு இணைப்புகள் எல்லாம் திறக்கின்றன. பிகோசானிட்டியை மாற்ற வேண்டியதே இல்லை.

பதில் 3:
தலைப்பும் செய்முறையும் அதே மாற்றியிலிருந்துதானே வந்தன? தேடல் வசதி வைத்தால் அங்கேயும் இதே சிக்கல் காத்திருக்கிறது. அதே ஸ்கிரிப்டைத் தலைப்புக்கும், செய்முறைப் பத்திகளுக்குள் இருக்கும் ஒவ்வொரு ஸ்பேனின் (பத்தியின் எழுத்துத் துண்டு) டெக்ஸ்ட்டுக்கும் ஓட்டிவிடுங்கள்.

கேட்டவர்:
ஆமாம், தலைப்பிலும் இருக்கிறது. இன்றிரவு ஓட்டிவிடுகிறேன். "தொக்கு" என்று தேடினால் ஒன்றுமே வரவில்லையே என்று அம்மா போன வாரம் கேட்டது இதனால்தான்.