கலைச்சொல்: பிளவிணையா, சோடி மாறலா?

வணக்கம் நண்பர்களே,

> நெட்வொர்க் கேபிளில் வரும் ‘ஸ்ப்ளிட் பேர்’ என்ற பிழைக்குப் ‘பிளவிணை’ போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். பிளவு என்றதும் கம்பி எங்கோ விட்டுப்போயிற்று என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். இந்தப் பிழையில் ஒரு கம்பிகூட அறுவதில்லை. அதுதான் இதன் சூதே. போன மழைக்காலத்தில் நானே பட்டேன்.

தக்கலைப் பக்கம் எங்கள் வீடு. கீழே ரவுட்டர், மாடியில் மகளின் கம்ப்யூட்டர். நடுவில் பழைய கனத்த சுவர், வைஃபை ஏறவில்லை. கேட் 5இ என்ற வகை நெட்வொர்க் கேபிள் 30 மீட்டர் வாங்கி நானே இழுத்தேன். மேலுறையைச் சீவினால் உள்ளே ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு கம்பிகள். ஒவ்வொன்றோடும் அதே நிறக் கோடு போட்ட வெள்ளைக் கம்பி ஒன்று முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. ஆகா, எவ்வளவு ஒழுங்கு என்று அந்தந்தச் சோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெள்ளையாரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப்பச்சை, பச்சை, வெள்ளைநீலம், நீலம், வெள்ளைப்பழுப்பு, பழுப்பு என்று கனெக்டரில் செருகிக் கிரிம்ப் செய்தேன், அதாவது இடுக்கியால் அழுத்திப் பொருத்தினேன். மறுமுனையிலும் அதே வரிசை. டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை பச்சை விளக்கு வரிசையாக எரிந்தது. மாடியில் இணைப்பு வரும், இரண்டு நிமிடத்தில் போகும். பெரிய ஃபைல் ஒன்றுகூட இறங்கி முடியவில்லை.

கடைசியில் கேபிள் வேலை பார்க்கும் பையன் ஒருவனைக் கூப்பிட்டேன். கனெக்டரை வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்தான். “சோடி மாறிக் கெடக்கு அண்ணா” என்றான். வெட்டி எறிந்துவிட்டு மறுபடி அடித்தான்: வெள்ளையாரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைப்பழுப்பு, பழுப்பு. அவ்வளவுதான்.

கனெக்டரில் கம்பிகள் உட்காரும் எட்டு இடங்களில் (பின்களில்) 1-2 ஒரு சோடி, 4-5 ஒரு சோடி, 7-8 ஒரு சோடி. மிச்சமுள்ள 3-6 மட்டும் நீலச் சோடியை நடுவில் விட்டு அதன் இருபுறமும் உட்காரும். இது டெலிபோன் காலத்து மிச்சம். முதல் லைன் நடு இரண்டு பின்னில், இரண்டாவது லைன் அதற்கு இருபுறமும் என்று அப்போதே வைத்துவிட்டார்கள். நான் செய்த வேலையில் 3இல் வெள்ளைப்பச்சை, 6இல் நீலம். ஒன்றோடொன்று முறுக்காத இரண்டு கம்பிகள் ஒரு சிக்னலைச் சுமந்தன. 4-5க்கும் அதே கதி.

மின்சாரத்துக்கு நிறம் தெரியாது, முறுக்குதான் கணக்கு. சோடியில் ஒரு கம்பியில் போகும் சிக்னலுக்கு நேர் எதிரானது மற்றதில் போகும். இரண்டும் முறுக்கிக் கிடப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் படும். வாங்கும் முனை வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். டெலிபோன் புகழ் கிரகாம் பெல் 1881இலேயே டெலிபோன் கம்பிகளை இப்படி முறுக்குவதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். முனையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கை அவிழ்க்கக் கூடாது என்பதும் இதனால்தான். டெஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது. இந்த முனை 3, அந்த முனை 3இல் வருகிறதா என்று மட்டும் பார்க்கும். கல்யாண மண்டப வாசலில் செருப்பு மாறுவதைப் போல. இடது ஒன்று, வலது ஒன்று, எண்ணிக்கை சரி. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்று கறுப்பு, மற்றது காப்பிக் கலர்.

ஆகவே என் ஓட்டு ‘சோடி மாறல்’.

தக்கலையிலிருந்து

---

மறுமடல்:

> என் ஓட்டு ‘சோடி மாறல்’.

ஐயா, செருப்பு உவமை நன்று. ஆனால் ‘ஜோடி’ வெளியிலிருந்து வந்த சொல்தானே? ‘இணைமாறாட்டம்’ என்று வைத்தால் ஆள்மாறாட்டம் போல உடனே விளங்குமே. முறுக்கிய சோடிக்கும் ‘புரியிணை’ அழகாக இருக்கும். முப்புரி நூல், வலம்புரிச் சங்கு எல்லாம் நம்மிடம் இருக்கிறதே.

நாகர்கோவிலிலிருந்து

---

மாறாட்டம் எனக்கும் பிடித்தது. ‘இணை’தான் இடிக்கிறது. “இணைய இணைப்பு வடத்தில் இணை மாறியதால் இணைப்பு அறுந்தது” என்று ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். இந்தத் துறையில் ‘இணை’க்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

‘புரி’ எனக்கும் ஆசைதான். ஆனால் நம் ஊரில் கயிறு திரிப்பவர்களிடம் கேளுங்கள், ‘ரெண்டு பிரி, மூணு பிரி’ என்பார்கள். வாயில் புரி பிரியாகிவிடும். பிரியக் கூடாத சோடிக்குப் பிரிச்சோடி என்று பெயர் வைப்பதா? முறுக்குச் சோடி என்றே வைப்போம். தின்னும் முறுக்கு நினைவு வந்தால் வரட்டும், உருவமும் ஏறக்குறைய அதுதானே.

‘சோடி’ வந்த சொல்தான், ஒத்துக்கொள்கிறேன். வந்து நம் செருப்பு, கம்மல், காளை எல்லாவற்றிலும் உட்கார்ந்துவிட்டது. ‘சோடி மாறாட்டம்’ என்று சமரசம் செய்யலாமா?

இன்னொன்று. நிற வரிசைகள் இரண்டு உண்டு, 568ஏ, 568பி. ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும், மற்றதெல்லாம் அப்படியே. எது ஏ, எது பி என்று எனக்கு எப்போதும் குழப்பம். முதல் சோடியின் நிறத்தை வைத்துப் பச்சைமுதல், ஆரஞ்சுமுதல் என்றால் என்ன? எதுவானாலும் இரு முனையிலும் ஒன்றாக இருந்தால் போதும். எங்கள் வீட்டு மாடிச் சுவரில் கேபிள் நுழையும் ஓட்டைக்கு மேல் ‘ஆரஞ்சுமுதல்’ என்று பென்சிலில் எழுதியே வைத்துவிட்டேன்.

தக்கலையிலிருந்து

---

பச்சைமுதல், ஆரஞ்சுமுதல் இரண்டுக்கும் சரி. ‘சோடி மாறாட்டம்’ பட்டியலில் ஏறட்டும், ‘இணைமாறாட்டம்’ அடைப்புக்குள் இருக்கட்டும். முறுக்குச் சோடிக்கு மட்டும் எனக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து