கேமராவை ரிப்பேருக்கு ஜெர்மனி அனுப்ப எந்த கூரியர்?

கேள்வி: பாடி, 70-200 லென்ஸ், இரண்டு பேட்டரி. சென்னையிலிருந்து போய்த் திரும்பி வரணும். டிஎச்எல்லா, ஃபெடெக்ஸா?

பதில் 1: கூரியர் பெயரைவிட இன்சூரன்ஸைப் பாருங்க. தனியா எடுக்கலைன்னா, மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி விமானச் சரக்குக்கு கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (ஐஎம்எஃப்-இன் கணக்கு நாணயம்) வரைதான் நஷ்டஈட்டுப் பொறுப்பு. 5 கிலோ பெட்டி தொலைஞ்சா சுமார் 15,000 ரூபாய்! கஸ்டம்ஸுக்கு மதிப்பு எழுதறது இன்சூரன்ஸ் ஆகாது. பயன்படுத்தின சாமானுக்கு பாலிசி பொருந்துமான்னு எழுத்துல வாங்குங்க.

பதில் 2: பேட்டரியைக் கழட்டி வீட்டிலேயே வைங்க. உதிரி லித்தியம் பேட்டரி பயணிகள் விமானச் சரக்கில் போகாது; சர்வீஸ்காரங்களுக்கும் அது தேவைப்படாது. இன்வாய்ஸில் "ரிப்பேருக்கு, திரும்பி வரும்" என்பதோடு சீரியல் நம்பர்களும் இருக்கணும். இல்லைன்னா திரும்பும்போது புது இறக்குமதின்னு டியூட்டி கேட்பாங்க.

பதில் 3: பெட்டி சைஸ் கவனம். கூரியர்காரங்க பெட்டியின் கன அளவையும் எடையா மாத்திக் கணக்கிடுவாங்க: 50×40×30 செ.மீ.யை 5000-ஆல் வகுத்தா 12 கிலோ. உள்ளே 4 கிலோ இருந்தாலும் கட்டணம் 12-க்குத்தான். அதுக்காக ஃபோமைக் குறைக்காதீங்க, சுத்தி 5 செ.மீ. வேணும். லென்ஸைக் கழட்டித் தனியா சுத்துங்க. மாட்டியபடியே விழுந்தா, லென்ஸ் பாடியோட சேரும் மவுண்ட்தான் வளையும்.